செனட்டர் டட்டிலுக்குப் பதினான்கு மார்க்

ஆர்டிஸ் டொலெஃப்ஸன் தன் வாழ்நாளில் முப்பத்தெட்டு ஜனாதிபதி வேட்பாளர்களுக்கு மார்க் போட்டிருக்கிறாள். மார்க் போடும்போது அவர்களில் ஒருவருடைய பேச்சையும் அவள் கேட்டதில்லை.

கேட்க நேரமிருந்ததில்லை என்பதுதான் உண்மை. நார்ஹெய்ம் ஊரின் பொதுமண்டபச் சாவி அவளிடம்தான் இருந்தது. நான்கு வருஷத்துக்கு ஒருமுறை, அயோவா முழுக்கப் பனி மூடிக் கிடக்கும் மாதங்களில், ஜனாதிபதியாக ஆசைப்பட்டவர்கள் எல்லாரும் அந்த மண்டபத்துக்கு வந்து பேசிவிட்டுப் போவார்கள். மேடையில் ஒருவர் போரைப் பற்றியோ வரியைப் பற்றியோ முழங்கிக்கொண்டிருக்கும்போது, ஆர்டிஸ் வெளியே அவருடைய பேருந்தின் டயரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பாள். இல்லாவிட்டால் சமையலறையில் கரண்டி எண்ணிக்கொண்டிருப்பாள்.

முப்பத்தோரு வருஷம் மாவட்டப் பள்ளிப் பேருந்துகளை அனுப்பிவைத்தவள் அவள். இருபத்து மூன்று பேருந்து, இருபத்து மூன்று ஓட்டுநர், எழுநூறு பிள்ளைகள். எந்தப் பாலத்தில் பனி உறையும், எந்த ஓட்டுநருக்குத் திங்கட்கிழமை காலையில் தலை வலிக்கும், எந்த வீட்டுப் பையன் கடைசி நிமிஷத்தில் ஒற்றைச் செருப்போடு ஓடிவருவான் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஓய்வு பெற்ற பிறகு அந்த அறிவை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? வேட்பாளர்கள் தலையில் கொட்டினாள்.

"ஐம்பது நாற்காலியை நேரத்துக்குப் போடத் தெரியாதவரு, ஐம்பது மாநிலத்தை வச்சு என்ன பண்ணப் போறாரு?" என்பாள்.

பச்சை அட்டை போட்ட ஒரு நோட்டு வைத்திருந்தாள். நூற்றுக்கு மார்க். சொன்ன நேரத்துக்கு வந்து சேர்ந்தால் முப்பது. நாற்காலிக்கு இருபது. ஒலிபெருக்கி, காப்பி, கார் நிறுத்தம் எல்லாவற்றுக்கும் தனித்தனியாக. கூட்டம் முடிந்து மண்டபத்தைப் பெருக்கிவிட்டுப் போனால் பதினைந்து. வேலை செய்ய வந்தவர்கள் மத்தியானம் சாப்பிட்டார்களா என்று ஒவ்வொருவரையும் பிடித்துக் கேட்பாள். எல்லாரும் சாப்பிட்டிருந்தால் அதற்கு ஐந்து.

அவள் கணவர் டெல்மர் சோளம் பயிரிடுபவர். குளிர்காலத்தில் வேறு வேலை இல்லாததால் எல்லாக் கூட்டத்துக்கும் வருவார். கடைசி வரிசையில் உட்கார்ந்து, மடியில் கேக் தட்டை வைத்துக்கொண்டு, முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரைக்கும் கேட்பார். கேட்டதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்.

ஆர்டிஸ் அதிகம் மார்க் போட்டவர் யாராவது ஜெயித்திருக்கிறாரா என்றால், இல்லை. ஏழு தேர்தலில் ஏழு பேர். ஒருவர்கூட வெள்ளை மாளிகை வாசலை மிதிக்கவில்லை. தொண்ணூற்று நான்கு வாங்கிய ஒருவர் ஒன்பதே நாளில் போட்டியிலிருந்து விலகினார்.

"அவரு மேல என்ன தப்பு?" என்றாள் ஆர்டிஸ். "நாடு தப்புப் பண்ணிடுச்சு."

எட்டாவது தேர்தல் வந்தபோதுதான் விஷயம் வெளியே தெரிந்தது. மாவட்டப் பத்திரிகைக்காரர் ஒருவர் மண்டபத்து ஆப்பிள் கேக்கைப் பற்றி எழுத வந்தார். மேஜை மேலிருந்த பச்சை நோட்டைப் புரட்டினார். கேக்கை மறந்தார். அடுத்த வாரம் முதல் பக்கத்தில் ஆர்டிஸின் படம். அதற்கடுத்த வாரம் பெரிய நகரத்துப் பத்திரிகைகள். 'டொலெஃப்ஸன் மார்க்' என்றே பெயர் வந்துவிட்டது. அதன் பிறகு வேட்பாளர்கள் நார்ஹெய்முக்கு வரும்போது துடைப்பத்தோடு வந்தார்கள்.

அப்படி வந்தவர்களில் கவர்னர் காஸில்டனின் ஆட்களைப் போல ஒரு கூட்டத்தை ஆர்டிஸ் பார்த்ததே இல்லை. அவருடைய பிரசாரத்தை நடத்தியவர் விட்லாக் என்பவர். ஒல்லியான மனிதர். இரண்டு கையிலும் கடிகாரம் கட்டியிருப்பார். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே வந்து மண்டபத்தை நாடா வைத்து அளந்தார். ஒவ்வொரு நாற்காலியிலும் தானே உட்கார்ந்து, ஆட்டிப் பார்த்து எழுந்தார். காப்பியில் வெப்பமானி வைத்துப் பார்த்தார். மண்டப வாசல் பனியை அள்ளியதோடு நிற்காமல், எதிர்ப்புறத் தேவாலயத்து வாசலையும், அதற்கடுத்த பல் மருத்துவர் வாசலையும் அள்ளச் சொன்னார். உதிரி பல்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கென்றே ஓர் ஆள் இருந்தான். கூட்டம் முடியும்வரை அவன் பல்போடு நின்றான்.

கூட்டம் பத்து மணிக்கு. வினாடி முள் பன்னிரண்டைத் தொட்டதும் கதவு திறந்தது, கவர்னர் உள்ளே வந்தார். அதற்கு முன் ஏழு நிமிஷம் அவர் குப்பைத் தொட்டிக்குப் பின்னால் பனியில் நின்றுகொண்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. அதற்காக ஆர்டிஸ் அவரை இன்னும் அதிகமாக மதித்தாள்.

தொண்ணூற்றொன்பது போட்டாள்.

"அந்த ஒரு மார்க்?" என்று கேட்டார் விட்லாக்.

"ஒரு கரண்டி ஈரமா இருந்துச்சு."

விட்லாக் அந்தக் கரண்டியை வாங்கி, சன்னல் வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே வாரத்தில்தான் செனட்டர் டட்டில் வந்தார். வந்தார் என்று சொல்வதே அவருக்குச் செய்யும் மரியாதை.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம் என்று அறிவித்திருந்தார்கள். மண்டபத்தில் பதினோரு பேர் காத்திருந்தார்கள். பத்தரைக்குத் தொலைபேசி அடித்தது. பேசியது ரூஃபஸ். செனட்டரின் மனைவிக்குத் தம்பி. பிரசாரம் முழுவதையும் நடத்துவது அவன்தான். அதற்கு முன் அவன் நீச்சல்குளம் கட்டிக்கொடுக்கும் தொழில் செய்தவன்.

"நார்ஹெய்முக்கு வந்துட்டோம் மேடம். மண்டபத்தைத்தான் காணோம்."

"எதிர்ல என்ன தெரியுது?"

"பெரிய ஏரி. அழகா இருக்கு."

"நார்ஹெய்ம்ல ஏரியே கிடையாது. நீங்க மினசோட்டா நார்ஹெய்ம்ல நிக்கிறீங்க. வேற மாநிலம் அது."

மறுமுனையில், தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு யாரிடமோ, "மாமா, பேச ஆரம்பிச்சிடாதீங்க" என்று ரூஃபஸ் சொல்வது கேட்டது.

மத்தியானம் ஒன்று இருபதுக்கு வந்தார்கள். மண்டபம்வரை வரவில்லை. ஊருக்கு வெளியே டெல்மரின் வயலோரப் பள்ளத்தில் பேருந்து சறுக்கி இறங்கிவிட்டது. டெல்மர் டிராக்டரைக் கொண்டுபோய்க் கட்டி இழுத்தார். கடைசியில் செனட்டரும் அதே டிராக்டரில்தான் மண்டபத்துக்கு வந்து இறங்கினார்.

நாற்காலி நாற்பது வேண்டும் என்று ரூஃபஸ் யாரிடமோ தொலைபேசியில் சொல்லியிருந்தான். எப்படிப்பட்ட நாற்காலி என்று சொல்லவில்லை. மழலையர் பள்ளியிலிருந்து நாற்பது குட்டி நாற்காலி வந்து இறங்கியிருந்தது. சிவப்பும் மஞ்சளுமாக. நார்ஹெய்மின் பெரிய பெரிய விவசாயிகள் முழங்காலைத் தாடைக்கு முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தார்கள். செனட்டர் நல்ல அகலமான மனிதர். அவரும் மரியாதைக்கு ஒன்றில் உட்கார்ந்தார். பேச எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே, அச்சடித்த அட்டைகள். 'டட்டில்' என்ற பெயரில் ஓர் எழுத்து பிசகி 'டர்ட்டில்', அதாவது ஆமை, ஆகியிருந்தது. 'ஆமையை ஜனாதிபதியாக்குவோம்' என்று ஐயாயிரம் அட்டை.

ஆர்டிஸ் நோட்டை எடுத்து மார்க் போட்டாள். எல்லாரும் மத்தியானம் சாப்பிட்டிருந்தார்கள். வழி தவறிய இடத்தில் நல்ல மீன் கிடைத்ததாம். அதற்கு ஐந்து. கூட்டம் அதிகம் வராததால் மண்டபம் அழுக்காகவில்லை. அதற்கு ஒன்பது. மொத்தம் பதினான்கு. முப்பத்தெட்டு பேரில் அதுதான் கடைசி இடம்.

மறுநாள் பத்திரிகையில் வந்தது. அதற்கும் மறுநாள் காலை ரூஃபஸ் பத்திரிகையும் கையுமாக ஆர்டிஸ் வீட்டுச் சமையலறையில் நின்றான்.

"கார் நிறுத்தத்துக்குப் பூஜ்யம் போட்டிருக்கீங்க. இது நியாயமா ஆர்டிஸ்? காரே வரலையே! வராத காரை நான் எங்க நிறுத்துறது?"

"வராததுக்குத்தான் பூஜ்யம்."

"சரி, காப்பி? காப்பி சூடா இருந்துச்சே!"

"அது என் காப்பி."

ரூஃபஸ் நாற்காலியில் உட்கார்ந்தான். "எனக்கு நீச்சல்குளம் கட்டத்தான் தெரியும். அக்கா கேட்டா, மாட்டேன்னு சொல்ல முடியல. மாமா ரொம்ப நல்லவரு. நான்தான் அவரை ஊர் ஊராக் கூட்டிட்டுப் போய்த் தொலைச்சுட்டு வரேன்."

"நாளைக்கு எங்க போறீங்க?"

அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். ஆர்டிஸ் பார்த்தாள். காலையில் மாநிலத்தின் கிழக்குக் கோடி, பத்து மணிக்கு மேற்குக் கோடி, மத்தியானம் மறுபடி கிழக்கு. முப்பத்தோரு வருஷம் இப்படி ஒரு தாளை அவள் மேஜைக்கு யாரும் கொண்டுவந்ததில்லை.

"யாரு போட்டது இது?"

"நான்தான். அகர வரிசைப்படி போட்டேன்."

அவ்வளவுதான். டெல்மர் கோழிகளுக்குத் தீனி வைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது, சமையலறை மேஜை முழுக்க மாநில வரைபடம் விரிந்திருந்தது. ஆர்டிஸ் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நின்றாள்.

"அவருக்கு உதவி பண்றியா?" என்றார் டெல்மர்.

"உதவியா? தப்பைத் திருத்துறேன். ரெண்டும் வேற."

அன்றிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு ஆர்டிஸ் வீட்டிலிருந்து செனட்டர் தங்கியிருக்கும் விடுதிக்கு அழைப்பு போகும்.

"செனட்டர், ஷூ போட்டாச்சா?"

"ஒரு கால்ல போட்டிருக்கேன் ஆர்டிஸ்."

"இன்னொரு கால்லயும் போட்டுட்டு வந்து பேசுங்க. நான் இருக்கேன்."

அவர் போட்டுவிட்டு வருவார். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேலவை உறுப்பினர், பதினெட்டு வருஷமாகப் பதவியில் இருப்பவர், ஆர்டிஸ் சொன்னால் கையுறை இருக்கிறதா என்று இரண்டு பையையும் தடவிப் பார்த்துவிட்டு "இருக்கு" என்பார். எந்தச் சாலையில் பனி அள்ளியாகிவிட்டது என்று அவள் சொல்வாள். பழைய ஓட்டுநர்கள் மாநிலம் முழுக்க அங்கங்கே இன்னும் உயிரோடு இருந்தார்கள். எல்லாரையும் கூப்பிட்டு வழியில் நிற்கவைத்தாள். ரூஃபஸுக்குச் சின்னச் சின்ன விதிகள் சொல்லிக்கொடுத்தாள். கிளம்புவதற்கு முன் ஆளை எண்ணு. வந்து சேர்ந்ததும் ஆளை எண்ணு. இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

முதல் வாரம் அவர்கள் நாற்பது நிமிஷம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டாவது வாரம் பத்து நிமிஷம். மூன்றாவது வாரம் ஓர் ஊருக்குக் கால் மணி முன்னாலேயே போய்விட்டார்கள். அந்த ஊர்க்காரர்கள் யாரோ வேறு செனட்டர் என்று நினைத்தார்கள்.

இதற்கிடையில் அந்த ஆமை அட்டைக்கு ஊர் ஊராக ஆள் அலைந்தார்கள். ஐயாயிரமும் தீர்ந்துவிட்டது. குழந்தைகள் பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டு வந்தார்கள். ரூஃபஸ் தான் வேண்டுமென்றேதான் அப்படி அச்சடித்ததாகச் சொல்ல ஆரம்பித்திருந்தான்.

கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஊர் ஊராக நடக்கும் தலை எண்ணும் கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பு, ஒரு சனிக்கிழமை இரண்டு மணிக்கு, செனட்டர் டட்டில் மறுபடி நார்ஹெய்முக்கு வந்தார். ஒன்றே முக்காலுக்கே பேருந்து வாசலில் நின்றது. இறங்கியதும் ஆளை எண்ணினார்கள். இருநூறு பெரிய நாற்காலி, எல்லாவற்றிலும் ஆள். காப்பி கொதிக்கவும் இல்லை, ஆறவும் இல்லை. ஒலிபெருக்கி கரகரக்கவில்லை. ஆர்டிஸ் சமையலறை வாசலில் நின்று, நோட்டைத் திறந்து, தொண்ணூற்றாறு என்று எழுதப் போனாள்.

டெல்மர் இன்னொரு துண்டு கேக் எடுக்க அங்கே வந்தார். நோட்டை எட்டிப் பார்த்தார்.

"தொண்ணூத்தாறா?"

"ஆமா. ரெண்டு கரண்டி குறையுது. இல்லன்னா இன்னும் வரும்."

"யாருக்கு இந்தத் தொண்ணூத்தாறு? அவருக்கா, உனக்கா?"

"என்ன பேசுற நீ?"

"வண்டியை அனுப்புனது நீ. ஷூ போட வச்சது நீ. நாற்காலி நீ சொன்ன ஆளுகிட்ட வாங்குனது. அவரு வந்து ஏறி உக்காந்தாரு, அவ்வளவுதான். அதான் கேட்டேன்." கேக்கை எடுத்துக்கொண்டு டெல்மர் தன் இடத்துக்குப் போய்விட்டார்.

ஆர்டிஸ் பென்சிலோடு நின்றாள். அப்படியானால் காஸில்டனுக்குப் போட்ட தொண்ணூற்றொன்பது? அது விட்லாக்குக்குப் போட்டது. தொண்ணூற்று நான்கு வாங்கியவர்? அவருக்கு யாரோ ஒரு கெட்டிக்கார மைத்துனி இருந்ததாக ஞாபகம். முப்பத்தெட்டு பேருக்கும் போட்ட மார்க்கெல்லாம் யார் யாருக்கோ போயிருந்தது. வேட்பாளர் யாரென்றே அவளுக்குத் தெரியாது.

கையில் பென்சிலோடு, செய்வதற்கு வேலை இல்லாமல் நின்றதால், முதல் தடவையாக, மேடையில் பேசுவது அவள் காதில் விழுந்தது.

"நான் ஜனாதிபதியானா," என்று செனட்டர் சொல்லிக்கொண்டிருந்தார், "இந்த நாடு முழுக்க ஒரே நேரம்! இங்க ஒரு மணி, அங்க ஒரு மணின்னு எதுக்குக் குழப்பம்? நியூயார்க்ல காலை எட்டுன்னா கலிஃபோர்னியாவுலயும் எட்டு! அலாஸ்காவுலயும் எட்டு! ஒரே நாடு, ஒரே கடிகாரம்!"

கூட்டம் கைதட்டியது. இருபத்து நான்கு நாளாக இந்த மனிதரையா ஊர் ஊராக நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டிருந்தாள்? எந்த ஊரிலும் தாமதமாகாமல், இந்தப் பேச்சையா?

நேரே நடந்து கடைசி வரிசைக்குப் போய் டெல்மரின் தோளைப் பிடித்தாள். "இவரு இதைத்தான் பேசிட்டிருக்காரா? தினமும்?"

"ஆமா. முத நாள் டிராக்டர்லயே எங்கிட்ட சொன்னாரு."

"நீ ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலையே."

கேள்வி நேரம் வந்தது. ஆர்டிஸ் கை தூக்கினாள். அவள் கை தூக்கி யாரும் பார்த்ததில்லை. மண்டபத்தில் ஏதோ தீப்பிடித்துவிட்டது என்று இரண்டு பேர் எழுந்தே நின்றார்கள். செனட்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ஆர்டிஸ்! சொல்லுங்க!"

"செனட்டர், நான் முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூட பஸ் அனுப்புனவ. ஜனவரி மாசம் காலைல ஏழு மணிக்கு இங்க எப்படி இருட்டா இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். நான்தான் உங்களை எழுப்புறேன். அந்த நேரத்துல ரோட்டோரமா நிக்கிற ஆறு வயசுப் பிள்ளை, பஸ் டிரைவர் கண்ணுக்கு ஒரு தபால்பெட்டி மாதிரிதான் தெரியும். அதுக்காக ஒவ்வொரு வருஷமும் தை தைன்னு குதிச்சுப் பள்ளிக்கூட நேரத்தைக் கால் மணி தள்ளிவைக்கச் சொல்லுவேன். நியூயார்க்ல விடிஞ்சு மூணு மணி நேரம் கழிச்சுத்தானே கலிஃபோர்னியாவுல விடியும்? நீங்க சொல்ற மாதிரி பண்ணா, அங்க பிள்ளைங்க நடுச்சாமத்துலயா பஸ்ஸுக்கு நிப்பாங்க? அலாஸ்காவுல என்ன, முந்தின நாளே வந்து நிக்கணுமா?"

மண்டபம் சிரித்தது. பிறகு அடங்கியது. செனட்டர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். உதடு அசைந்தது, மணிக்கணக்கை மனதில் கழித்துப் பார்க்கிறார் என்று தெரிந்தது. ஒரு விரலை மடக்கினார், அப்புறம் இன்னொன்று. ரூஃபஸ் மேடைக்குக் கீழே கைக்குட்டையைக் கடித்துக்கொண்டிருந்தான். ஒரு முழு நிமிஷம் போயிற்று.

"இதை நான் யோசிக்கவே இல்லையே," என்றார் செனட்டர் டட்டில்.

ஒலிவாங்கியை மறுபடி வாய்க்குக் கிட்டே கொண்டுவந்தார்.

"ஒன்பது வருஷமா இதைச் சொல்லிட்டு வரேன். யாரும் கேக்கல. நீங்க சொல்றது சரிதான். இந்தத் திட்டம் வேண்டாம்."

"மாமா!" என்று ரூஃபஸ் கத்தினான். "புது அட்டை அடிச்சாச்சு!"

"அதுல என்ன போட்டிருக்க?"

"ஒரே நாடு, ஒரே கடிகாரம்னு."

"எழுத்துப்பிழை இருக்கா?"

ரூஃபஸ் ஒன்றை எடுத்துப் பார்த்தான். "இருக்கு. 'கடிகாரம்'ங்கிறதுக்குப் பதிலா 'பலகாரம்'."

"அப்ப விட்டுடு. ஒரே பலகாரத்தை நான் காப்பாத்திக்கிறேன்."

அதன் பிறகு அவர் திட்டம் எதுவும் இல்லாமல் அரை மணி நேரம் ஆர்டிஸிடமும் மற்றவர்களிடமும் சாலை, பாலம், பள்ளிக்கூடம் என்று கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கூட்டம் நாற்பது நிமிஷம் தாமதமாக முடிந்தது. ஆர்டிஸ் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அன்றைய பக்கத்தில் மார்க் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகவே இருந்தது.

பத்திரிகைக்காரர் கேட்டார். "போடல," என்றாள். மறுநாள் 'ஆர்டிஸ் மார்க் போட மறுப்பு' என்று செய்தி வந்தது. அன்று காலையே விட்லாக்கிடமிருந்து தொலைபேசி. மார்க்கை விட உயர்வாக ஏதாவது புதிதாகக் கொண்டுவந்திருக்கிறாளா, அதை வாங்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்.

நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. அடுத்த புதன்கிழமை ஆர்டிஸ் டெல்மரைக் காரோட்டச் சொல்லிப் பக்கத்து ஊருக்குப் போனாள். கவர்னர் காஸில்டன் பேசுவதைக் கேட்க. முன் வரிசையில் உட்கார்ந்தாள். கைதட்டுக்கு எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே கவர்னர் நிறுத்தினார். எங்கே தண்ணீர் குடிக்க வேண்டுமோ அங்கே தம்ளர் இருந்தது. இருபத்திரண்டு நிமிஷம் என்றார்கள், இருபத்திரண்டு நிமிஷம். ஆர்டிஸ் கை தூக்கி, காலை இருட்டில் பிள்ளைகள் நிற்பதைப் பற்றி அவரிடமும் கேட்டாள்.

"அருமையான கேள்வி," என்றார் கவர்னர். "நம் குழந்தைகள்தான் நம் நாளைய விடியல். அந்த விடியலை நோக்கி நாம் எல்லாரும் சேர்ந்து நடப்போம்!" வினாடி முள் பன்னிரண்டுக்கு வந்தது. இசை ஒலித்தது.

ஆர்டிஸுக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு சுத்தமான நேரக்கணக்கை அவள் பார்த்ததில்லை. பாதி தூரம் வந்த பிறகுதான் காரில் வாயைத் திறந்தாள்.

"டெல்மர், அவரு என்ன சொன்னாரு?"

டெல்மர் யோசித்தார். "தெரியல. ஆனா நல்லாச் சொன்னாரு."

தலை எண்ணும் கூட்டம் உயர்நிலைப்பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில், சாயங்காலம் ஏழு மணிக்கு. வேட்பாளருக்கு ஒரு மூலை. யாரை ஆதரிக்கிறாயோ அந்த மூலையில் போய் நிற்க வேண்டும். எல்லார் கண் முன்னாலும்தான். நூற்றுப்பத்து பேர் வந்திருந்தார்கள். பதினேழு பேருக்குக் குறைந்தால் அந்த மூலை கலைந்துவிடும், அந்த வேட்பாளருக்கு ஊரிலிருந்து பிரதிநிதி கிடைக்காது. கூட்டத்தை நடத்தும் பொறுப்பு வழக்கம்போல ஆர்டிஸுக்கு. உடம்பில் பள்ளிப் பேருந்துக் காலத்து ஆரஞ்சு மேலங்கி, கழுத்தில் ஊதல்.

காஸில்டன் மூலையில் எண்பது பேருக்கு மேல். விட்லாக் அனுப்பிய ஆள் அங்கே பதாகையை மட்டம் பார்த்துக் கட்டியிருந்தான். சூடான சாக்லேட் இருந்தது, வரிசையாக மடக்கு நாற்காலியும் இருந்தது. டட்டில் மூலை கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே. பச்சைத் தொப்பி போட்ட கொஞ்சம் பேர், பல் மருத்துவர், இரண்டு ஆசிரியைகள், ஓய்வுபெற்ற ஓட்டுநர்கள். மற்றவர்கள் நடுவில் நின்று தடுமாறிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பக்கத்து ஆட்களும் அவர்களைக் கையைப் பிடித்து இழுத்தார்கள்.

டெல்மர் நேரே போய்க் காஸில்டன் மூலையில் உட்கார்ந்தார். ஆர்டிஸ் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"எங்கிட்ட அவ்வளவு பெரிய கேள்வி கேட்டவன் நீ. நீயா இங்க?"

"முழங்கால் வலிக்குது ஆர்டிஸ். நாற்காலி இங்கதான் போட்டிருக்காங்க."

ஊதல் ஊதினாள். எண்ணினாள். காஸில்டன் தொண்ணூற்று மூன்று. டட்டில் பதினாறு. மறுபடி எண்ணினாள். பதினாறுதான். பல் மருத்துவர் தன் கைத்தடியையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். முடியாது என்றாள்.

"அது நூத்தொம்பதுதானே ஆகுது?" என்று யாரோ கேட்டார்கள். "நூத்திப்பத்து பேர் கையெழுத்துப் போட்டிருக்கோமே."

எல்லாரும் சுற்றிலும் பார்த்தார்கள். ஆர்டிஸ் ஆடுகளத்தின் நடுவில் ஆரஞ்சு மேலங்கியோடு தனியாக நின்றுகொண்டிருந்தாள். ஏற்றியது எத்தனை, இறக்கியது எத்தனை என்று முப்பத்தோரு வருஷம் கணக்குத் தப்பாதவள், தன்னை எண்ண மறந்துவிட்டாள். முகம் சிவந்துபோயிற்று. ஊதலைக் கழற்றி மேஜையில் வைத்தாள். கூடைப்பந்து வளையத்தை நோக்கி நடந்தாள்.

"எதுக்கு அவரு?" என்று காஸில்டன் மூலையிலிருந்து ஒரு குரல். "அந்த ஆளுக்கு ஒரு விஷயம்கூட ஒழுங்கா நடத்தத் தெரியாதே!"

"தெரியாதுதான்," என்றாள் ஆர்டிஸ் நடந்துகொண்டே. "தெரியாதுன்னு சொல்லத் தெரியுது. எனக்கு அது இன்னைக்குப் போதும்."

பதினேழு. பச்சைத் தொப்பிகள் பறந்தன. நார்ஹெய்மிலிருந்து செனட்டர் டட்டிலுக்கு ஒரு பிரதிநிதி கிடைத்தார். மாநிலம் முழுவதும் கூட்டிப் பார்த்தபோது அவருக்குக் கிடைத்ததும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து அவர் போட்டியிலிருந்து விலகினார். மாநிலத் தலைநகரில் ஒரு விடுதி மண்டபத்தில் பகல் பதினோரு மணிக்கு அறிவிப்பு என்று சொல்லியிருந்தார்கள். பத்தே முக்காலுக்கே ரூஃபஸ் எல்லாரையும் கொண்டுவந்து சேர்த்துவிட்டான். ஆளை எண்ணினான், சரியாக இருந்தது. ஒலிபெருக்கி தயார், தண்ணீர் தயார், காத்திருப்பானேன் என்று செனட்டர் எழுந்து விலகிவிட்டார். பத்து ஐம்பத்தைந்துக்குள் முடித்து, நாற்காலிகளை அடுக்கி, பெருக்கிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். பதினோரு மணிக்குப் பத்திரிகைக்காரர்கள் வந்தபோது மண்டபம் பளிச்சென்று காலியாக இருந்தது. அவர் விலகியது இரண்டு நாள்வரை யாருக்கும் தெரியாது.

ஆர்டிஸுக்குத் தெரியும். கிளம்புவதற்கு முன் விடுதியிலிருந்து அவளைத்தான் கூப்பிட்டார்கள். முதலில் ரூஃபஸ் பேசினான், பிறகு செனட்டர் வாங்கிக்கொண்டார்.

"நேரத்துக்கு முன்னாலயே முடிச்சிட்டேன் ஆர்டிஸ்."

"கேட்டேன், செனட்டர். ரூஃபஸ் சொன்னான்."

"வீட்டுக்குத்தான் போறோம். இந்தத் தடவை வழி எனக்கே தெரியும்."

"எதுக்கும் நான் சொல்றேன், எழுதிக்கிங்க," என்று ஆர்டிஸ் வரைபடத்தை விரித்தாள்.